கறையா, இலையா

சாப்பிட்டு வர்றதுக்குள்ள சொல்லிடுறேன்னு சொல்லிட்டேன். இந்த வாய் இருக்கே, இதுக்கு எப்பவும் என்னைவிட அவசரம். சாகுல் பாய் மரியாதையாத்தான் கேட்டார். இந்தக் களிமண் குவாரிக்கு அவர்தான் மேனேஜர், ஆனா ஒரு நாளும் மேனேஜர் மாதிரி பேசுனதில்ல. "டீச்சரம்மா, பொக்லைன் ஓட்டுற சின்னையன் சாப்பிடப் போயிருக்கான். அவன் வந்து வண்டியைக் கிளப்புறதுக்குள்ள சொன்னீங்கன்னா போதும். கெழக்கோரத்துல கிடைச்ச இந்தக் கல்லுல இருக்கிறது அந்தக் காலத்து இலைன்னா அந்த ஓரத்தை அப்படியே விட்டுடச் சொல்லி முதலாளி உத்தரவு. வெறும் கறைன்னா இன்னைக்கே அள்ளிப் போட்டுடுவோம், டைல்ஸ் கம்பெனிக்காரன் காலையிலேர்ந்து நச்சரிக்கிறான்." அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்? பாத்துச் சொல்றேன் பாய்ன்னு சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கலாம். "இதுக்கெதுக்கு பாய் அவ்வளவு நேரம், கையில எடுத்ததும் சொல்லிடுவேன்"னு சொல்லிட்டு, தகரக் கொட்டகைக்குக் கீழ பிளாஸ்டிக் நாற்காலியில ராணி மாதிரி உக்காந்துட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே மத்தியான லுஹர் தொழுகைக்குப் போயிட்டார். ஆபீஸ் ரூம் நிழல்ல தொழுகைப் பாயை விரிக்கிற சத்தம் கேட்டுச்சு. இப்ப மடியில கல்லு. கல்லுக்குக் கீழ துண்டு. சுத்தி எங்க பாத்தாலும் வெள்ளை, வெட்டுன சுவரெல்லாம் வெள்ளை, தரை வெள்ளை, அதுமேல உச்சி வெயில் அடிச்சு அப்படியே கண்ணுக்குள்ள திரும்பி வருது. கல்லுல கருப்பா என்னமோ இருக்கு. பால்ல விழுந்த தூசி மாதிரி என்னமோ ஒண்ணு. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல.

கண்ணுல புரை. ரெண்டு கண்ணுலயும். டாக்டர் ஏதோ மழை வரும்போல இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார், "நல்லா முத்தியிருக்கும்மா, வெளிச்சத்துல கூசுமே, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்ன பண்ணிட்டிருந்தேன், பாடம் எடுத்துட்டிருந்தேன். மனப்பாடமா இருக்கிற பாடத்துக்குக் கண்ணு எதுக்கு. ஆபரேஷன் சின்னதுதானாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாமாம், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஊர்ல பாதிப் பேரு பண்ணிக்கிட்டாங்க. ஆனா கண்ணுக்குள்ள கத்தி. நினைச்சாலே முதுகுத்தண்டுல என்னமோ ஊருது. ஒருவேளை சரியா வரலைன்னா? ஆயிரத்துல ஒருத்தருக்கு வராதுன்னு சொல்றாங்களே, அந்த ஒருத்தி நானா இருந்தா? கல்லைப் பாக்க முடியாத தில்லைநாயகி யாரு? சமைக்கத் தெரியாது, சீரியல் பிடிக்காது, கோயிலுக்குப் போனா சாமியைவிடத் தூண் எந்தப் பாறைன்னு பாக்குறவ. பாறையை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல. காலையில பேப்பரை அவரையே சத்தமாப் படிக்கச் சொல்லிடுறேன், "நீங்க படிச்சாத்தான் கேக்க நல்லா இருக்கு"ன்னு ஒரு பொய். மனுஷன் அதுல பூரிச்சுப்போய் செய்தி வாசிப்பாளர் மாதிரி தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் படிக்கிறார். சிரிப்பா வருது. பாவமாவும் இருக்கு. இன்னைக்கு இந்தக் குவாரிக்குள்ள இறங்குறப்பக்கூட மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குனேன். ஆனா ஒண்ணு, படியெல்லாம் சுலபமா இருந்துச்சு. களிமண்ணை வெட்டி வெச்ச படிதான், விளிம்பு விளிம்பாச் செங்காவிப் பட்டை அடிச்சு வெச்சிருக்காங்க. "என்ன பாய், மந்திரி யாராச்சும் வர்றாரா? கோயில் படி மாதிரி காவியெல்லாம் பலமா இருக்கு?"ன்னு கேட்டேன். "இருக்கட்டுமே டீச்சரம்மா"ன்னார். குவாரியில கோலம் போடாததுதான் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வா தில்லை. முதல்ல கல்லு என்ன கல்லு. அதுக்குக் கண்ணு வேண்டாம். ஒரு ஓரத்தை நகத்தால கிள்ளினேன், பொடி வந்துச்சு, வாயில போட்டுக்கிட்டேன். யாராவது பாத்தா பைத்தியம்னு நினைப்பாங்க, நினைச்சுக்கட்டும். முன்பல்லுல வெச்சு மெல்லக் கடிக்கணும். நறநறன்னா மணல் கலந்த கல்லு. இது நறநறங்கல, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. நாக்கை வெச்சா நாக்கைப் பிடிச்சு இழுக்குது. ஊதிப் பாத்தா முதல் மழை பேஞ்ச வாசனை. ஓரத்துல விரலை ஓட்டினா ஏடு ஏடாத் தட்டுப்படுது, அடுக்கி வெச்ச அப்பளக் கட்டு மாதிரி. ஷேல். சுத்தமான ஷேல். அலையில்லாத தண்ணியில, ஆடாத அசையாத தண்ணியில, மாவா இருக்கிற மண்ணு மட்டும் மெள்ள மெள்ளப் படிஞ்சு ஆன கல்லு. இந்த மாதிரி கல்லுலதான் இலை தங்கும். மணல்ல விழுந்த இலை அரைஞ்சு போயிடும், இந்தச் சேத்துல விழுந்த இலை மேல போர்வை போத்துன மாதிரி அடுத்த ஏடு வந்து மூடிக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கும் முன்னால, இன்னும் கடல் உள்ள வராத காலம், இதே பெரம்பலூர்ப் பக்கம், ஒரு குட்டை, ஒரு ஓடை, கரையில மரம். நான் பொறக்கல, நீ பொறக்கல, மனுஷன்னு ஒருத்தன் பொறக்கல, பூவுன்னு ஒண்ணு இந்த உலகத்துல அப்பதான் எட்டிப் பாக்குது. அந்த மரத்துலேர்ந்து ஒரு இலை உதுருது. அது இப்ப என் மடியில இருக்கோ இல்லையோ. கல்லை மட்டும் சொல்லிட்டேன், பாத்தீங்களா, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன். அதுல எவனும் என்னை அசைச்சுக்க முடியாது. ஆனா பாய் கேட்டது கல்லை இல்லையே.

ஒவ்வொரு ஜூன் மாசமும் காலேஜ் திறந்ததும் முதல் ஜியாலஜி வகுப்புல மேஜைமேல ரெண்டு கல்லு வெப்பேன். ஒண்ணுல ஒரு பெரணிச் செடி, கிளை கிளையா, கருகருன்னு, பேனாவால வரைஞ்ச மாதிரி. இன்னொண்ணுல மங்கலா, பாதி உடைஞ்சு, வெத்தலைக் கறை மாதிரி ஒரு கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீப்புப் பல்லு. எது இலைன்னு கேப்பேன். மொத்த வகுப்பும் அந்த அழகான கல்லைத்தான் கையைக் காட்டும். எல்லா வருஷமும். அது இலையே இல்ல, மாங்கனீஸ் கறை. கல்லு வெடிச்ச இடுக்குல தண்ணி இறங்கி, தண்ணியில கரைஞ்ச மாங்கனீஸ் படர்ந்து, செடி மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு நிக்குது. "அழகா இருந்தா சந்தேகப்படு"ன்னு சொல்வேன், பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டுச் சிரிப்பாளுங்க, பசங்க ஓரக்கண்ணால பாத்துக்குவானுங்க. என்னைப் படிக்க வெச்ச வாத்தியாரும் அதே மாதிரி ரெண்டு கல்லு வெச்சார். வகுப்புல நான் ஒருத்திதான் பொண்ணு. எல்லாப் பயலும் கறையைக் காட்டினான். நான் எழுந்து நின்னு, "அது வளந்த மாதிரி இல்ல சார், பரவுன மாதிரி இருக்கு"ன்னேன். வாத்தியார் சாக்பீஸைக் கீழ வெச்சுட்டார். அந்தச் சாக்பீஸ் மேஜையில உருண்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அன்னையிலேர்ந்து இன்னை வரைக்கும் கறையை இலைன்னு நான் சொன்னதில்ல, இலையைக் கறைன்னு சொன்னதில்ல. பெருமை பீத்துறாள்னு காலேஜ்ல சொல்வாங்க. ஆமா, பீத்துறேன், உனக்கென்ன? நகை நட்டைக் காட்டிப் பீத்துறவங்க இல்லையா, புள்ளை அமெரிக்காவுல இருக்கான்னு பீத்துறவங்க இல்லையா. நான் இதைக் காட்டிப் பீத்துறேன். அதனாலதான் இந்த முதலாளி, முகம்கூட நான் பாத்ததில்ல, லாரியை நிறுத்தி வெச்சுட்டு என் வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருக்கான். இன்னைக்கு ஒரு தடவை தப்பாச் சொன்னா முடிஞ்சுது. கறையை இலைன்னு சொன்னா, அடுத்த தடவை பாய் போனே பண்ணமாட்டார். இலையைக் கறைன்னு சொன்னா, கெழக்கோரம் மொத்தமும் அரைபட்டு யார் வீட்டுக் குளியலறைத் தரையிலயோ பதிஞ்சு கிடக்கும். அதுமேல நின்னு எவனாவது பல்லு விளக்குவான்.

நாச்சியாருக்கு ஒரு போட்டோ அனுப்பினா முடிஞ்சுது. என் மாணவி, இப்ப எனக்குப் பக்கத்து ரூம்ல உக்காந்து பாடம் எடுக்குறா. நல்ல பொண்ணு. அதான் கஷ்டமே. கெட்ட பொண்ணா இருந்தா கேட்டுடுவேன், அவ நினைக்கிறதைப் பத்திக் கவலைப்பட மாட்டேன். இவ ஒண்ணும் சொல்லமாட்டா. "இலைதான் மேடம்"னோ "கறைதான் மேடம்"னோ பதில் அனுப்பிட்டு, அப்புறம் யோசிப்பா. மேடம் எதுக்கு என்னைக் கேக்குறாங்கன்னு யோசிப்பா. யோசிச்சுக் கண்டுபிடிச்சுடுவா, நான் சொல்லிக் கொடுத்த மூளை இல்ல அது? அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுவா. படியில கையைப் பிடிப்பா. ஐயோ, வேண்டாம்டி அம்மா. போனை எடுத்துட்டேன், போட்டோவும் எடுத்துட்டேன், கல்லு விழுந்துச்சா என் கட்டைவிரல் விழுந்துச்சான்னுகூடத் தெரியல, அனுப்புற இடத்துல விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தூரத்துல சின்னையன் தூக்குவாளியைக் கழுவுற சத்தம். கொப்பளிச்சுத் துப்புறான். சாப்பிட்டாச்சு. இந்த ஆளுக்கு ஒரு வெத்தலை போடுற பழக்கமாவது இருக்கக்கூடாதா. போட்டோவை அழிச்சேன். போனைப் பைக்குள்ள போட்டேன். நாச்சியாருக்கு நான் கேள்வி அனுப்புற நாள் இன்னைக்கு இல்ல.

நகம் இருக்குல்ல. கண்ணு போனா நகம். கட்டைவிரல் நகத்தைக் கருப்பு இருக்கிற இடத்துல வெச்சு மெல்ல இழுத்தேன். இலைன்னா மேடு பள்ளம் இருக்கும், நடுவுல ஒரு நரம்பு, நகம் அதுல தட்டும். தட்டல. மறுபடியும் இழுத்தேன். கண்ணாடிமேல ஓடுற மாதிரி ஓடுது. மை தீட்டுன மாதிரி மேலாக்க ஒட்டிக்கிட்டிருக்கு. இருடி, அவசரப்படாத. கல்லை ஒருக்களிச்சுப் பிடிச்சு, ஓரத்துல ஏடு எந்தப் பக்கம் போகுதுன்னு தடவிப் பாத்தேன். ஏடு படுத்திருக்கு. கருப்பு இருக்கிற முகம் ஏட்டோட போகல, ஏட்டையெல்லாம் குறுக்க வெட்டிக்கிட்டுச் சாய்வா நிக்குது. இலை எங்கயாவது நின்னுக்கிட்டா விழும்? விழுந்த இலை படுத்துத்தான் கிடக்கும், ஏட்டோட ஏடா. இது வெடிப்பு. வெடிப்புல இறங்குன தண்ணி. கறை. மாங்கனீஸ் கறை. அடக் கடவுளே. நான் இலைன்னு சொல்லணும்னு ஆசைப்பட்டிருக்கேன், அது இப்பத்தான் எனக்கே தெரியுது. பஸ்ல வர்றப்பவே இலையா இரு, இலையா இருன்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன், கல்லுகிட்ட வேண்டிக்கிட்டு வந்திருக்கேன், அசட்டு முண்டம். கண்ணு சரியில்லாத நேரத்துல கடைசியா ஒண்ணு கிடைக்கணும்னு. கடைசியான்னு யார் சொன்னா? நான்தான் சொல்றேன். சரி போ. கறைன்னா கறைன்னு சொல்ல வேண்டியதுதான். அதைச் சொல்லவும் ஒரு நெஞ்சு வேணும். பொக்லைன் ஒரு தடவை உறுமி அடங்குச்சு. சின்னையன் சாவியைத் திருகிப் பாக்குறான்.

ஆனா பொறு. எதை நான் பாத்தேன்? கல்லோட வெளிமுகத்தைப் பாத்தேன். ஏட்டைப் பிரிச்சேனா? மாணவன் எவனாவது பிரிச்சுப் பாக்காம பதில் சொன்னா அவனை என்ன பாடு படுத்துவேன். மூடி வெச்ச புஸ்தகத்தோட ஓரத்துல மை கொட்டியிருக்குன்னு சொல்லிட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாக்காம டைல்ஸ் கம்பெனிக்கு எடைக்குப் போடப் பாத்தியேடி. பையில கையை விட்டேன். உளி இல்ல, சுத்தி இல்ல, வெங்காயக் கத்தி. எத்தனையோ வருஷமா இந்தக் கத்திதான். நல்ல கத்தியெல்லாம் கல்லு வெட்டப் போயிடுதுன்னு வீட்டுல அவர் புலம்புவார், ஷேலுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. கத்தி நுனியை ஏட்டு இடுக்குல வெச்சு, தட்டாம, திருகாம, சும்மா அழுத்திக்கிட்டே நகத்தினேன். முதல் ஏடு பொடியாப் போச்சு. ரெண்டாவது பிரிஞ்சுச்சு, உள்ள வழவழன்னு ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் கீழ வெச்சேன். சட்டுன்னு ஒரு சத்தம், பிஸ்கட் ஒடையுற மாதிரி, கல்லு ரெண்டாத் தொறந்து ரெண்டு உள்ளங்கையிலயும் ஒவ்வொரு பாதியா விழுந்துச்சு. பாக்கல. பாத்து என்ன ஆகப் போகுது. நகத்தை வெச்சேன். தட்டுச்சு. நடுவுல நீளமா ஒரு நரம்பு, அதுலேர்ந்து இந்தப் பக்கம் ஒண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு, சீப்பு மாதிரி, நகம் டக்டக்டக்னு ஏறி இறங்குது, அந்தப் பக்கமும் அதே. மறுபாதியை எடுத்தேன். இங்க மேடா இருந்தது அங்க பள்ளமா இருக்கு. அச்சும் வார்ப்பும். கல்யாண மண்டபத்து வாசல்ல தொட்டியில வெச்சிருப்பாங்களே சைகஸ், அதுக்குத் தூரத்துச் சொந்தம், இந்த இலையோட குடும்பமே பூண்டோட அழிஞ்சுபோச்சு. அது என் விரலுக்குக் கீழ இருக்கு. அதை முதல்ல தொட்ட ஆளு நான். பார்த்த ஆளு இல்ல, தொட்ட ஆளு. பத்துக் கோடி வருஷமா யாரும் தொடல. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு, ஏற்கெனவே தெரியாத கண்ணு இப்ப சுத்தமாத் தெரியல, நான் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்.

"என்ன டீச்சரம்மா, ஆச்சா?" பாய் தொழுதுட்டு வந்து நிக்கிறார், கொட்டகைக் கால் பக்கத்துல ஒரு வெள்ளை உருவம். முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்தேன். "நீங்க காட்டுனது கறை பாய்"ன்னேன். "அப்படியா"ன்னார், குரல் இறங்கிப் போச்சு, "சரி, அப்ப சின்னையன்கிட்ட..." "இருங்க பாய். அது கறைன்னுதான் சொன்னேன். இலை இல்லைன்னா சொன்னேன்?" ரெண்டு பாதியையும் புஸ்தகம் மாதிரி விரிச்சு நீட்டினேன். "யா அல்லா!"ன்னார். "அச்சுல வார்த்த மாதிரி இருக்கே டீச்சரம்மா. ஒரு இலையா, ரெண்டா? இதோ ஓரத்துல சின்னதா இன்னொண்ணு இருக்கே, அதுவும் இதுவும் ஒரே ஜாதியா?" சின்னதா இன்னொண்ணு. எனக்குத் தெரியல. என் விரல் அங்க போகவே இல்ல. ஆமான்னு சொல்லலாம். மண்டையை ஆட்டிட்டுப் போயிடலாம். இத்தனை வருஷம் தெரியாததைத் தெரியும்னு சொல்லாத வாய் இது, அந்தப் பெருமையை இன்னைக்கா கெடுத்துக்கிறது. "அதை நீங்கதான் பாத்துச் சொல்லணும் பாய். எனக்குக் கண்ணு தெரியல"ன்னேன். வந்துடுச்சு வெளியில. டாக்டரைத் தவிர உலகத்துல முதல் ஆளா சாகுல் பாய்கிட்ட.

"தெரியும் டீச்சரம்மா." "என்ன தெரியும்?" "போன தடவை வந்தப்பவே படியில கால் தடுமாறுச்சே. டீ கிளாஸை நீட்டுனா பக்கத்துல கையை நீட்டுனீங்க. இங்க ஒரே வெள்ளை, எது படி எது பள்ளம்னு எங்களுக்கே குழப்பும். அதான் விளிம்புல காவி அடிக்கச் சொன்னேன்." காதெல்லாம் சூடாயிடுச்சு. மந்திரியா வர்றாருன்னு கேட்டேனே, என்னமாக் கேட்டேன். கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு, அவர்மேலயா என்மேலயா தெரியல. "தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க? கண்ணு தெரியாதவளைக் கூப்பிட்டு, லாரியை நிறுத்தி வெச்சு, கல்லைப் பாத்துச் சொல்லுன்னா என்ன அர்த்தம் பாய்?" நான் ஏன் சண்டைக்கு வர்றேன்னு அவருக்கு நெஜமாவே புரியல. "வேற யாரைக் கூப்பிடச் சொல்றீங்க?"ன்னு கேட்டார். கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி, "சின்னையா, கெழக்குப் பக்கம் வண்டியை விடாத! டீச்சரம்மா இலைன்னு சொல்லிட்டாங்க!"ன்னு கத்தினார்.

கல்லைத் துண்டுல சுத்தி மாரோட அணைச்சுக்கிட்டுக் கிளம்பினேன். பாய் கையைப் பிடிக்க வந்தார், வேண்டாம்னுட்டேன். படி நடுவுல நின்னு நாச்சியாருக்குப் போன் போட்டேன். "நாளைக்கு லென்ஸ் எடுத்துக்கிட்டு என்கூடக் குவாரிக்கு வா. இலையை நான் கண்டுபிடிச்சுட்டேன். பக்கத்துல என்னென்ன இருக்குன்னு எண்ணிச் சொல்ல ஒரு ஆளு வேணும். அப்படியே புரை ஆபரேஷனுக்கு நல்ல கண் ஆஸ்பத்திரி நம்பர் உன்கிட்ட இருக்கான்னு பாரு, எனக்குத்தான்." அவ "மேடம்?"னு இழுக்குறதுக்குள்ள வெச்சுட்டேன். தலையை நிமித்திக்கிட்டு ஏறுனேன். ஒவ்வொரு படியிலயும் காவி தெரிஞ்சுது.